ஏபிஏ துறையில் வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும், யார் தரும் சான்றிதழ் செல்லும்?

ஏபிஏ என்பது நடத்தைப் பகுப்பாய்வு (Applied Behavior Analysis), ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சியில் அதிகம் பயன்படும் துறை. கேள்வி இதுதான். கோவையில் பி.எஸ்சி. உளவியல் முடித்த ஒரு பெண், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுடன் வேலை செய்ய விரும்புகிறார். 'நாற்பது மணி நேர ஆர்பிடி பயிற்சி, அமெரிக்கச் சான்றிதழ்' என்று ஆன்லைனில் ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஆர்பிடி என்பது மேற்பார்வையின் கீழ் குழந்தையுடன் நேரடியாக வேலை செய்பவருக்கான சான்றிதழ், பிசிபிஏ என்பது திட்டம் எழுதி மேற்பார்வை செய்யும் பகுப்பாய்வாளருக்கானது. பணம் கட்டலாமா, பிற்பாடு பிசிபிஏ ஆக முடியுமா என்று கேட்கிறார். அவருடைய அக்கா டெக்சாஸில் எச்4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருக்கும் கணவரைச் சார்ந்த விசாவில் இருக்கிறார். அவருக்கும் இந்தத் துறைக்கு வர ஆசை. இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் பணம் கட்டும் விஷயம். கோவையில் இருந்துகொண்டு நீங்கள் ஆர்பிடி ஆக முடியாது. அந்தச் சான்றிதழைத் தருவது பிஏசிபி என்ற அமெரிக்க அமைப்பு. 1998-ல் தொடங்கியது, இப்போது கொலராடோவில் இருக்கிறது. ஆர்பிடி, அதற்கு மேல் பிசிஏபிஏ, அதற்கும் மேல் பிசிபிஏ என்ற பட்டங்கள் மூன்றும் அவர்களுடையவை. 2023 ஜனவரி 1 முதல், அமெரிக்காவையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளையும் தவிர மற்ற நாடுகளில் வசிப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை அவர்கள் வாங்குவதில்லை. அந்தச் சில நாடுகளில் இந்தியா இல்லை. அதற்கு முன்பே பிசிபிஏ வாங்கிய இந்தியர்கள் அதைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளலாம். சென்னையிலும் பெங்களூரிலும் நீங்கள் பார்க்கும் பிசிபிஏக்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. புதிதாக வருபவருக்குத்தான் கதவு மூடியிருக்கிறது.

விளம்பரம் சொல்லும் 'நாற்பது மணி நேரப் பயிற்சி' பொய் என்று சொல்ல வரவில்லை. ஆர்பிடிக்கு நாற்பது மணி நேரப் பயிற்சி உண்மையிலேயே ஒரு தகுதி. ஆனால் அது தகுதிகளில் ஒன்று மட்டும்தான். பள்ளிப் படிப்பு முடித்து 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குற்றப் பின்னணிச் சோதனை நடக்க வேண்டும், தகுதியுள்ள ஒருவர் நேரடியாகப் பார்த்து உங்கள் செய்முறைத் திறனை மதிப்பிட வேண்டும், அப்புறம் 85 கேள்விகள் கொண்ட தேர்வை எழுத வேண்டும். வாங்கிய பிறகும் தனியாக வேலை பார்க்கக் கூடாது. மாதாமாதம் வேலை செய்த நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வையில் இருக்க வேண்டும். இதில் முதல் படியை மட்டும் விற்றுவிட்டு, மிச்சம் இந்தியாவில் சாத்தியமில்லை என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். அவர்கள் தருவது ஒரு பாடநெறி முடித்ததற்கான தாள். பாடம் நன்றாக இருந்தால் அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு, ஆனால் அதை வைத்து 'நான் ஆர்பிடி' என்று போட்டுக்கொள்ள முடியாது. எனவே பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: 'இந்தப் பயிற்சிக்குப் பிறகு நான் இந்தியாவில் இருந்தபடி எந்த அமைப்பின் தேர்வை எழுதுவேன்?' நேரான பதில் வரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

இந்தியாவில் இருந்தபடி எழுதக்கூடிய தேர்வுகள் உண்டு. ஐபிஏஓ என்ற சர்வதேச அமைப்பு இரண்டு சான்றிதழ்கள் தருகிறது. தெரபிஸ்ட் நிலைக்கு ஐபிடி, பகுப்பாய்வாளர் நிலைக்கு ஐபிஏ. ஐபிடிக்கு நாற்பது மணி நேரப் பயிற்சி. ஐபிஏவுக்கு 270 மணி நேரப் பாடமும் 1000 மணி நேர மேற்பார்வைப் பணியும் வேண்டும். க்யூஏபிஏ என்ற இன்னொரு அமைப்பு ஏபிஏடி, க்யூஏஎஸ்பி-எஸ், க்யூபிஏ என்று மூன்று படிகள் வைத்திருக்கிறது. இவை இரண்டும் நேர்மையான வழிகள்தான். ஆனால் நாளை அமெரிக்கா போனால் இவற்றை பிசிபிஏவாக மாற்றிக்கொள்ள முடியாது, அங்கே எல்லா மாநிலங்களும் எல்லா இன்சூரன்ஸ் நிறுவனங்களும் இவற்றை ஏற்பதும் இல்லை. இந்தியாவிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கத் திட்டம் என்றால் இவற்றைத் தாராளமாக யோசிக்கலாம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் விண்ணப்பிக்கும் மாதத்தில் அந்தந்த அமைப்பின் கையேட்டை நீங்களே படியுங்கள். என் பதிலையும் சேர்த்து, யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி நம் நாட்டுச் சட்டம். இதைப் பற்றி ஏபிஏ பயிற்சி விற்பவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுத் தொழில்களை இங்கே ஒழுங்குபடுத்துவது ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். அதன் சட்டம் 1992-ல் வந்தது. மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் என்று பதிவு செய்யும் பிரிவுகள் அதில் உண்டு. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்று ஒரு பிரிவு இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பெயர் இடம் பிடித்திருக்கிறது. இது நல்ல செய்தி. ஆனால் சட்டத்தில் பெயர் இருப்பதும், நாளைக்கே போய்ப் பதிவு செய்யக்கூடிய ஏற்பாடு இருப்பதும் வேறு வேறு.

இதன் நடைமுறை அர்த்தம் என்னவென்றால், வெளிநாட்டு ஏபிஏ சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் அரசு வேலை, சிறப்புப் பள்ளி வேலை போன்றவற்றுக்கு அது உதவாது. நான் இந்தக் கேள்வி கேட்பவர்களுக்கு எப்போதும் சொல்வது: காலூன்ற ஆர்சிஐ அங்கீகாரம் உள்ள ஒரு படிப்பை எடுங்கள், அதன் மேல் ஏபிஏவைக் கட்டுங்கள். நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா வளாகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அவினாசிலிங்கத்திலும் சிறப்புக் கல்வித் துறை உண்டு. சென்னைக்கு வர முடியும் என்றால் முட்டுக்காட்டில் நீப்மெட் இருக்கிறது. 2005-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. பல வகை ஊனங்கள் சேர்ந்து உள்ளவர்களுக்கானது. அங்கே படிப்பவர்கள் கண் முன்னால் தினமும் குழந்தைகளைப் பார்க்கிறார்கள். அது எந்த ஆன்லைன் வகுப்பிலும் கிடைக்காது. நீங்கள் சேரும் வருடத்தில் அந்தப் படிப்புக்கு ஆர்சிஐ அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. ஆனால் இந்தத் துறையில் ஒருவரை உருவாக்குவது சான்றிதழ் அல்ல, மேற்பார்வை. யாரிடம் வேலை கற்றீர்கள் என்பதுதான் உங்கள் கையில் கடைசிவரை தங்கும்.

பிசிபிஏவுக்கான விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றை எழுதியவர்கள் எதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று தெரியும். முதுகலைப் பட்டமும் குறிப்பிட்ட பாடங்களும் போக, 2000 மணி நேரக் களப்பணி கேட்கிறார்கள். அதில் 5 சதவீதம், அதாவது நூறு மணி நேரம், மேற்பார்வையாளருடன் செலவழித்ததாக இருக்க வேண்டும். மேற்பார்வையை இரட்டிப்பாக, 10 சதவீதமாக வாங்கினால் மொத்தம் 1500 மணி நேரம் போதும். அதாவது நல்ல மேற்பார்வை கிடைத்தால் ஐநூறு மணி நேரத்தையே குறைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. இன்னொன்று, களப்பணியில் குறைந்தது 60 சதவீதம் குழந்தையுடன் நேரடியாக உட்காரும் வேலையாக இருக்கக் கூடாது. மதிப்பீடு செய்வது, திட்டம் எழுதுவது, பதிவு செய்த தரவின் வரைபடத்தைப் பார்த்து முடிவெடுப்பது, பெற்றோருக்கும் மற்றத் தெரபிஸ்டுகளுக்கும் பயிற்சி கொடுப்பது போன்றவைதான் அதில் சேரும். மூன்று வருடம் விடாமல் செஷன் எடுத்தவர்கூட, இந்த 60 சதவீதம் இல்லாததால் தேர்வுக்குத் தகுதி பெறாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

தேர்வும் எளிதல்ல. 185 கேள்விகள், நான்கு மணி நேரம். சமீப ஆண்டுகளில் முதல் முறை எழுதுபவர்களில் தேறுவது பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். வரையறைகளை மனப்பாடம் செய்தவர்கள் அங்கே திணறுகிறார்கள். ஏனென்றால் கேள்விகள் 'இந்தச் சூழ்நிலையில் அடுத்து என்ன செய்வீர்கள்' என்ற வகையில் வரும்.

இந்தியாவில் ஐபிஏ வழியில் போனாலும், ஆர்சிஐ வழியில் போனாலும், மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் செலவழியுங்கள். ஒரு சென்டரில் வேலைக்குச் சேரும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: என் செஷனை யார் வந்து பார்ப்பார்கள், மாதத்தில் எத்தனை முறை, பார்த்த பிறகு என்னுடன் உட்கார்ந்து பேசுவார்களா? 'ஏதாவது பிரச்சினை என்றால் வாட்ஸ்அப்பில் கேட்கலாம்' என்ற பதில் மேற்பார்வை ஆகாது. நல்ல மேற்பார்வையாளர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அதே குழந்தையைப் பார்த்து, ஒரு நடத்தை எத்தனை முறை வருகிறது என்று தனியாக எண்ணுவார். நீங்கள் எழுதியதும் அவர் எழுதியதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போடுவார். 80 சதவீதத்துக்குக் கீழே போனால், ஒன்று நீங்கள் பார்க்கத் தவறுகிறீர்கள், இல்லை நடத்தையை அவர் சரியாக வரையறுத்துத் தரவில்லை. இரண்டையும் கூச்சமில்லாமல் பேசுகிற சென்டர் நல்ல சென்டர்.

வரையறை என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'ராகுல் அடம் பிடிக்கிறான்' என்று டேட்டா ஷீட்டில் எழுத முடியாது. 'தரையில் விழுந்து, அடுத்த அறையில் கேட்கும் அளவுக்கு ஐந்து விநாடிக்கு மேல் கத்துகிறான்' என்று எழுதினால்தான் இரண்டு பேர் ஒரே மாதிரி எண்ண முடியும். அதன் பிறகு அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பிரையன் இவாட்டாவும் சகாக்களும் 1982-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் குழந்தைகளை வெவ்வேறு சூழ்நிலைகளில் வைத்து, ஒவ்வொரு குழந்தையும் எதற்காக அப்படிச் செய்கிறது என்று தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஒரு குழந்தை கவனத்துக்காக, இன்னொன்று கடினமான வேலையிலிருந்து தப்பிக்க, வேறொன்றுக்கு அந்த உணர்வே தேவை. வெளியில் பார்க்க ஒரே செயல், காரணம் வேறு. சோற்றுத் தட்டைத் தள்ளிவிடும் குழந்தையை 'எழுந்து போ' என்று மேஜையிலிருந்து அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனத்துக்காகத் தள்ளிய குழந்தைக்கு அது ஒரு விளைவைத் தரும். சாப்பிடப் பிடிக்காமல் தள்ளிய குழந்தைக்கோ அது கேட்டதைக் கொடுத்த மாதிரி. அடுத்த வேளையும் தட்டு பறக்கும். காரணம் தெரியாமல் திட்டம் எழுதுகிறவரிடம், அவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும், வேலை கற்காதீர்கள்.

ஏபிஏ மீதான விமர்சனத்தை இங்கே சொல்லாமல் போக மாட்டேன். படிக்கப் போகும்போது அது உங்கள் கண்ணில் படும், படவும் வேண்டும். 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐவர் லோவாஸ் ஓர் ஆய்வு வெளியிட்டார். வாரத்துக்கு நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்ததாகச் சொன்னார். பெற்றோர்கள் இன்றும் கேட்கும் அந்த 'நாற்பது மணி நேரம்' பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். அதே திட்டத்தில் குழந்தைகளை அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் இருந்தன என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. இந்தப் பயிற்சியைக் குழந்தையாக அனுபவித்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதையும், கையை ஆட்டவிடாமல் தடுத்ததையும் காயமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். ஒரு அமெரிக்க மையத்தில் தோலில் மின்அதிர்ச்சி கொடுக்கும் முறையை இந்தத் துறையின் சர்வதேசச் சங்கம் வெளிப்படையாக எதிர்க்க 2022 வரை ஆயிற்று. எனக்கு அது வெட்கமான விஷயம்.

இதை ஏற்றுக்கொண்டு மாறியவர்களும் இருக்கிறார்கள். 2022 முதல் நடைமுறையில் உள்ள பிஏசிபி நெறிமுறை, வாய்ப்புள்ள இடத்தில் குழந்தையின் சம்மதத்தையும் பெற வேண்டும் என்கிறது. பேசத் தெரியாத குழந்தையும் சம்மதத்தையும் மறுப்பையும் காட்டும். முகத்தைத் திருப்பும், கதவைப் பார்க்கும், உங்கள் கையைத் தள்ளும். அதைப் பார்த்து நிறுத்துகிற சென்டரில் சேருங்கள். நேர்முகத்துக்குப் போகும் நாளில் ஒரு செஷனை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அழும் குழந்தையை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்துக்கொண்டு 'இது எக்ஸ்டிங்ஷன், கொஞ்ச நாளில் நின்றுவிடும்' என்று, அதாவது அழுகைக்குப் பலன் கொடுக்காமல் விட்டால் அது ஓய்ந்துவிடும் என்று, யாராவது உங்களுக்கு விளக்கினால், அங்கே வேண்டாம்.

தமிழ் தெரிந்த ஒருவர் இந்தத் துறைக்கு வருவதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்ல வேண்டும். பாடநூல், மதிப்பீட்டுக் கருவி, படஅட்டை எல்லாமே ஆங்கிலத்தில் வருவதால், நம் ஊர் சென்டர்களில் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் வார்த்தைகளும் பல சமயம் ஆங்கிலமாகவே இருக்கின்றன. ஒரு குழந்தை மாதக்கணக்கில் உழைத்து 'வாட்டர்' என்று கேட்கக் கற்றுக்கொள்கிறது. வீட்டில் பாட்டி அதைப் புரிந்துகொண்டு தண்ணீர் கொடுத்தால் சரி. 'தண்ணி வேணும்னு சொல்லு' என்று அவர் திருப்பிக் கேட்டால் குழந்தை விழிக்கிறது. கேட்டதும் கிடைத்தால்தான் கேட்கும் பழக்கம் வலுப்படும் என்பது இந்தத் துறையின் அடிப்படை. நாள் முழுவதும் சுற்றி இருப்பவர்கள் தமிழில் பேசும்போது முதல் வேண்டுதல் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெற்றோர் ஆங்கிலம்தான் வேண்டும் என்று கேட்டால், பள்ளியை நினைத்துக் கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பொறுமையாக உட்கார்ந்து விளக்க வேண்டியது நம் வேலை. மதிப்பீட்டுக் கருவிகளையும் வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் போதாது. எந்த ஒலி எந்த வயதில் வரும், எந்தச் சொல் நம் வீடுகளில் முதலில் புழங்கும் என்று தெரிந்த பேச்சுப் பயிற்சியாளருடன் சேர்ந்து மாற்றியமைக்க வேண்டும். இதைச் செய்ய இங்கே ஆள் குறைவு.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் குறைவு, நின்று வேலை பார்க்கும் உடல் உழைப்பு அதிகம், கடி கீறல் எல்லாம் உண்டு. பலர் ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறார்கள். அதனால் மேலே சொன்ன எந்தப் படிப்புக்கும் பெரிய தொகை கட்டுவதற்கு முன், ஒரு சிறப்புப் பள்ளியிலோ சென்டரிலோ உதவியாளராகச் சில மாதங்கள் இருந்து பாருங்கள்.

இப்போது அக்காவுக்கு. அவர் அமெரிக்காவில் வசிப்பதால் பிஏசிபி கதவு அவருக்குத் திறந்திருக்கிறது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. எச்4 விசாவில் படிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்க ஈஏடி எனும் வேலை அனுமதி வேண்டும். அது பெரும்பாலும் கணவரின் ஐ-140, அதாவது அவருக்காக நிறுவனம் போடும் கிரீன் கார்டு மனு, அங்கீகரிக்கப்பட்டிருப்பதைப் பொறுத்தது. அனுமதி இருந்தால் முதலில் ஆர்பிடியாகச் சேர்வது நல்லது. பல நிறுவனங்கள் நாற்பது மணி நேரப் பயிற்சியைத் தாங்களே இலவசமாகக் கொடுத்து, செய்முறை மதிப்பீட்டையும் செய்துவிடுகின்றன, கையிலிருந்து பணம் போகாது. 2026 முதல் ஆர்பிடியைப் புதுப்பிப்பது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குள் 12 மணி நேரத் தொடர்பயிற்சி முடித்திருக்க வேண்டும். வேலை அனுமதி இன்னும் வரவில்லை என்றால் அந்தக் காலத்தை முதுகலைப் படிப்புக்குப் பயன்படுத்தலாம். சம்பளம் வாங்காமல் களப்பணி செய்யலாமே என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்கட்டும். விசா விதியில் தெரியாமல் மாட்டிக்கொள்வது பெரிய தொல்லை.

அவர் இந்தியாவில் வாங்கிய பட்டத்தை அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானதா என்று மதிப்பிட்டு வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், இப்போதே தொடங்கலாம். கல்லூரி மதிப்பெண் சான்றிதழ்களை எடுத்து அனுப்புவதில் தங்கை உதவலாம். முதுகலையில் சேரும்போது அந்தப் பாடத்திட்டம் 2025 முதல் நடைமுறையில் உள்ள ஆறாம் பதிப்புத் தேர்வுக்குப் பொருந்துகிறதா என்று கேட்க வேண்டும். களப்பணி மணிகளை முதல் நாளிலிருந்தே, மேற்பார்வையாளர் கையெழுத்துடன், மாதம் தவறாமல் பதிவு செய்ய வேண்டும். பின்னால் நினைவிலிருந்து எழுதியது செல்லாது. பிசிபிஏ தேறினாலும் டெக்சாஸில் மாநில உரிமம் தனியாக எடுக்க வேண்டும், வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்கே விதி வேறாக இருக்கும். வாரம் இருபது, இருபத்தைந்து மணி நேரம் களப்பணி கிடைத்தால் படிப்பும் களப்பணியும் சேர்ந்து ஓடி, இரண்டு இரண்டரை வருடத்தில் தேர்வு எழுதும் இடத்துக்கு வந்துவிடலாம்.